யுன்லானின் கஷாயச் சட்டி

பஞ்சாலைக் குடியிருப்பில் சூச்சினுக்குப் பயந்தவர்கள் அதிகம், பிடித்தவர்கள் குறைவு. பிடித்தவர்களில் முதல் ஆள் எதிர் வரிசை யுன்லான். நான்கு வயது மூத்தவள். பதினெட்டு வருடம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தறி.

சூச்சினின் கணவன் பெய்ஷெங் விருந்துச் சாப்பாடு என்றால் விடமாட்டான். ஒரு கல்யாணத்தில் பன்றிக்கறியை ஒரு கை பார்த்துவிட்டு, வயிறு உப்பி, புளியேப்பத்தோடு வந்து படுத்தான். வைத்தியர் எழுதிக் கொடுத்தது எல்லா வீட்டுக்கும் தெரிந்த செரிமானக் கஷாயம்: காய்ந்த புளிப்புப் பழம், ஆரஞ்சுத் தோல், முள்ளங்கி விதை, இன்னும் நாலைந்து சரக்கு. காய்ச்ச மண்சட்டி வேண்டும். புதுச் சட்டி வாங்குவது நோயைக் கூப்பிட்டுக் குடிவைப்பது மாதிரி. அதனால் சூச்சின் யுன்லானிடம் இரவல் வாங்கினாள்.

மருந்துச் சட்டியை இரவல் வாங்கியவர் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். கொடுத்தால் நோயையும் சேர்த்துக் கொடுத்ததாக அர்த்தம். உடையவளுக்குத் தேவைப்படும்போது அவளே வந்து எடுத்துக்கொள்வாள். பெய்ஷெங் மூன்றாம் நாளே வறுத்த வாத்து கேட்க ஆரம்பித்துவிட்டான். சட்டி மட்டும் அலமாரி மேலேயே தங்கிவிட்டது.

அந்த வருடம்தான் ஆலையில் ஆட்குறைப்பு. இருவரில் ஒருத்திக்குத்தான் வேலை. சூச்சின் உயர்ந்த ரக சிகரெட் இரண்டு பெட்டியை எடுத்துக்கொண்டு மேலாளர் வீட்டுப் படியேறினாள். யுன்லான் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. போகவேண்டியவர்கள் பட்டியலில் யுன்லான் பெயர் வந்தது. பேருந்து நிலையத்தில் அவள் தேநீரில் வேகவைத்த முட்டை விற்க ஆரம்பித்தாள். சூச்சின் அந்தப் பக்கமே தலைகாட்டாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனாள். தான் செய்தது கேவலம் என்று அவளுக்கே தெரியும்.

சட்டியை எடுக்க யுன்லான் ஒருநாள் வருவாள், அப்போது காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மூன்று வருடம் காத்திருந்தாள். காத்திருந்ததாக அவள் சொல்லிக்கொண்டாள். எனக்கென்னவோ ஒளிந்திருந்த மாதிரிதான் தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெய்ஷெங் சேதி கொண்டுவந்தான்.

"உன் யுன்லான் அக்கா துரும்பா இளைச்சுட்டாங்க. சாப்பிட்டது எதுவும் தங்கலையாம். அதே கஷாயத்தை அலுமினியப் பாத்திரத்துல காய்ச்சிக் குடிக்கிறாங்களாம்."

"அலுமினியத்துலயா? மருந்து கெட்டுப்போயிடுமே."

"அவங்க சட்டிதான் நம்ம வீட்ல ஏறி உக்காந்திருக்கே."

"நான் எப்படிக் கொண்டுபோறது? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"சொல்றதுக்கு இன்னும் என்ன பாக்கி வெச்சிருக்காங்க," என்றான் அவன், பல்லைக் குத்திக்கொண்டே.

சூச்சின் சட்டியைக் கழுவித் துண்டில் சுற்றினாள். பட்டப்பகலில், துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் பார்க்கப் பார்க்க, முற்றத்தைக் கடந்து போனாள். கதவைத் திறந்த யுன்லானுக்குக் கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"தப்புதான் அக்கா. கொண்டுவரக் கூடாதுதான். ஆனா நோயைக் கொண்டுவரணும்னு வரல, சத்தியமா."

"அது எப்பவோ வந்தாச்சுடி. பெரியாஸ்பத்திரியில படம் எடுத்துக் காட்டிட்டாங்க. இது கஷாயத்துக்கு அடங்கற வயிறு இல்ல. சும்மா பழக்கத்துக்குக் குடிக்கிறேன்."

"அக்கா, அந்த சிகரெட்டு..."

"தெரியும். பட்டியல் ஒட்டின அன்னிக்கே தெரியும். ரெண்டு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே." யுன்லான் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "சட்டி வரக் கூடாது, சரி. நீ வரக் கூடாதுன்னு எவடி சொன்னா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. சூச்சின் சட்டியை மார்போடு பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.