புழுக்கை விழும் வரை

முயல் சத்தம் போடாத பிராணி. எனக்கு அது தோதாக இருந்தது. விசைத்தறிக் கூடத்தில் வயதெல்லாம் நின்றதில் என் காது பாதிக்கு மேல் போய்விட்டது. தெரு நாய் குரைத்தால் அதன் வாய் திறந்து மூடுவதுதான் தெரியும். என் வீட்டுக்காரி எதையும் கத்தித்தான் சொல்வாள். குழம்பில் உப்பு போதுமா என்று அவள் என்னைக் கேட்டால், முக்குக் கடையில் டீ குடிக்கிறவன் போதும் என்பான். அப்படி ஒரு குரல்.

முயலுக்குப் பயமோ கோபமோ வந்தால் பின்னங்காலால் தரையில் ஓங்கித் தட்டும். அந்தச் சத்தமும் எனக்குக் கேட்காது. ஆனால் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்காலில் வந்து தட்டும். தறிக்கூடத்தில் வந்த பழக்கம் அது. எந்தத் தறி நின்றுபோனது என்பதை நான் காலால்தான் தெரிந்துகொள்வேன்.

முயல் வாங்கியது அவள்தான். சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் ரோட்டோரம் கம்பிக் கூண்டு வைத்து வெள்ளை முயல்களை விற்றுக்கொண்டிருந்தான். நல்ல வெயில். கூண்டுக்கு மேலே ஒரு சாக்குகூட இல்லை. விலை கேட்டவர்களுக்கெல்லாம் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். சாமி தபசுக் காட்சிக்கு நேரமாகிவிட்டது என்று நான் இழுக்கிறேன், இவள் நகரவில்லை.

"ஏலே, உன் காதப் பிடிச்சு நான் தூக்கட்டுமா? தொங்குவியா?"

"வாங்குததா இருந்தா வாங்குங்கம்மா. ஏவாரத்தக் கெடுக்காதீய."

வாங்கினாள். ரெண்டும் பெட்டை என்று கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்து கொடுத்தான். வளர்ந்த பிறகு பார்த்தால் ஒன்று ஆண். முதல் ஈற்றுக் குட்டிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். அதில் ஒன்று பிரியாணியில் விழுந்தது என்று தெரிந்ததும் அவள் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. அடுத்த வாரம் ஆணைக் கூடையில் வைத்துத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து கூட்டி வந்துவிட்டாள்.

தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டில் பீடி சுற்றுகிற ஒரு பெண் இருக்கிறாள். இவளுக்குக் கூட்டாளி. அவள்தான் அதிகம் சிரித்தவள்.

"முயலுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணுன மொத ஆளு நீங்கதான் மதினி."

"பெத்துப் பெத்து ஊரானுக்குக் கறி குடுக்கவா? நீ பீடியச் சுத்துட்டி."

எங்களுக்கும் முதலில் ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது அதுகளுக்கும் ஒரு சொட்டு வைத்துக் குளிப்பாட்டினோம். பெட்டை நடுங்கி விறைத்துப் போய்ப் பிழைத்தது பெரிது. முயலைக் குளிப்பாட்டவே கூடாதாம், பூனை மாதிரி தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளுமாம். காரட்டும் முட்டைகோசும் போட்டோம், வயிறு கழிந்தது. அதற்குப் புல்தான் சோறு. அதுவும் ஓயாமல் தின்ன வேண்டும், பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், தேய வேண்டுமாம். கம்பித் தரையில் நின்று பாதம் புண்ணானது. நான் பலகை அடித்து மேலே சாக்கு விரித்தேன். பகலெல்லாம் கூண்டைத் திறந்துவிட்டு வீட்டுக்குள் ஓட விடுவாள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் இருந்து பால் கொண்டுவருகிறவரிடம் புல்லுக்குச் சொல்லி வைத்திருந்தாள். பருத்திக்கு மருந்தடித்த காட்டு வரப்பில் அறுத்தது என்றால் வாங்கமாட்டாள். மோந்து பார்ப்பாள். சித்திரை வெயிலில் கூண்டைச் சுற்றி ஈரச் சாக்கு தொங்கும். நாங்கள் புழுங்கிக்கொண்டு கிடப்போம், அதுகள் குளுகுளுவென்று இருக்கும்.

ஒருமுறை திருவேங்கடத்தில் இருந்து ஒருவர் பைக்கில் வந்தார். தலையில் முன்பாதி வெறிச்சென்று இருந்தது. முயல் ரத்தம் போட்டுக் காய்ச்சின எண்ணெய் தேய்த்தால் முடி முளைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல விலை தருகிறேன் என்றார். இவள் என்னை வெளியே கூப்பிட்டாள். நானும் என்னமோ என்று போய் நின்றேன்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. இவரு கூடத்தான் முயலு இத்தன வருசமா கெடக்கு. இவரு தலையில என்னத்த மொளச்சிருக்கு?"

அவர் என் தலையைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

தை மாதம் அவள் போய்விட்டாள். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காரிலேயே திரும்பி வந்தாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், வந்து எல்லாம் செய்தான். நான் அழவில்லை என்று பேசிக்கொண்டார்களாம். எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் பிணத்தை எடுத்ததும் பெண்கள் வீட்டைக் கழுவி விடுவார்கள். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பி வரும்போது வீடு ஈரமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். பினாயில் விட்டுக் கழுவியிருந்தாள். சேலைகளை மடித்து வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். தலையணை உறை, போர்வை, சீப்பு எல்லாம் சோப்புப் போட்டுக் கொடியிலும் சுவரிலும் காய்ந்தன. நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். வீட்டில் பினாயில் வாசம் மட்டும் இருந்தது. அவ்வளவுதான்.

பிறகு முயலுக்குப் புல் போட்டேன். அவள் போட்ட நேரத்தில் போட்டேன். தண்ணீர் மாற்றினேன். சாக்கை நனைத்தேன். அது ஒரு வேலையாக இருந்தது. மகன் வாரம் ஒருதடவை போன் பேசுவான். எனக்குக் கேட்காது என்பதால் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக் கேட்டு, என் காதருகில் கத்துவாள்.

பங்குனி கடைசியில் ஒருநாள் காலை ஆண் முயல் கூண்டில் நீட்டிக் கிடந்தது. வயதாகிவிட்டது. முந்தின நாள்கூடப் புல் தின்றது. நோயை முயல் கடைசிவரை வெளியில் காட்டாது. பெட்டை அப்போது வெளியே அடுக்களைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. செத்ததை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று என் தோள் துண்டில் சுற்றி எடுத்துப்போய், கொல்லையில் முருங்கைமரத்து மூட்டில் குழி வெட்டிப் புதைத்தேன். துண்டை உதறிக் கிளையில் போட்டுவிட்டுக் குளித்தேன். குளித்துவிட்டு வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி வந்து கூண்டை வெளியில் இழுத்துப் போட்டுக் கழுவியாயிற்று. பலகையைத் தேய்த்தாள். சாக்கைத் துவைத்தாள். தரைக்குப் பினாயில்.

"செத்த கூண்டுல்லா அண்ணாச்சி. இதுக்கும் தீட்டு உண்டும்லா."

பெட்டை அன்று கூண்டுக்குள் போகவில்லை. சுவர் ஓரமாகவே ஒவ்வொரு மூலையாக மோந்துகொண்டு போனது. கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், மறுபடியும் கட்டிலுக்கு அடியில். சாயங்காலம் ஒரு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்தது. வைத்த புல் வைத்தபடி கிடந்தது. மறுநாள் காலையில் கூட்டுவதற்கு விளக்குமாற்றை எடுத்தேன். தரையில் ஒரு புழுக்கை இல்லை. முயல் வளர்த்தவர்களுக்குத் தெரியும், எந்நேரமும் மிளகு கொட்டினமாதிரி கிடக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரி கோயில் புற்றுமண்ணைக் கொண்டுவந்தாள். சங்கரன்கோவிலில் பிறந்தவர்களுக்குப் புற்றுமண்தான் முதல் வைத்தியம், அதற்குப் பிறகுதான் டாக்டர். தண்ணீரில் குழைத்து அதன் நெற்றியிலும் வயிற்றிலும் பூசினாள். மிச்சத்தைக் கரைத்து வாயில் ஊற்றப் போனாள். நான் தடுத்தேன். கூடையில் ஈரத்துணி விரித்து, முயலை வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

அங்கே ஆடும் மாடுமாகக் கூட்டம். இளையரசனேந்தல்காரர் ஒருவர் காய்ச்சல் கண்ட கிடாயோடு முன்னால் நின்றார். கூடைக்குள் எட்டிப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"முயலுக்கெல்லாமா வே டாக்டரு? எங்க காட்டுல ஓடுதே, அதுக்கு யாரு ஊசி போடுதா?"

"அது தானாத் தேடித் திங்கும். இது நாம கூண்டுல வச்சது."

"சரி, முன்னால போம். என் கிடா நிக்கும்."

டாக்டர் சின்ன வயசுப் பெண். முயலைத் தூக்கி மேசையில் வைத்ததும் வயிற்றுப் பக்கம் விரலை வைத்து, "இதென்ன காவிக் கலர்?" என்று ரெண்டு தடவை கேட்டாள். புற்றுமண் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"மேல பூசுனா பரவால்ல. உள்ள ஒண்ணும் குடுத்துராதீங்க ஐயா."

முயல் தங்களிடம் அதிகம் வருவதில்லை என்று சொல்லி, யாருக்கோ போன் போட்டுக் கேட்டாள். பிறகு ஒரு ஊசி போட்டாள். ஊசி முனை இல்லாத சிரிஞ்சு ஒன்றும், வயிற்று வாயுவுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தாள். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் குனிந்து, மெதுவாக, சத்தமாகச் சொன்னாள். முயல் தின்னாமல் இருந்தால் குடல் ஓட்டம் நின்றுவிடும். நின்றால் பிழைக்காது. பச்சைப் புல்லை அரைத்துக் கரைத்து, சிரிஞ்சால் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். வயிற்றை நீவிவிட வேண்டும்.

"நாளைக்குக் காலைக்குள்ள புழுக்க விழணும். விழுந்துட்டா பயமில்ல. இல்லன்னா உடனே கொண்டுவாங்க. ஜோடி செத்துச்சுன்னீங்கள்ல, அத இதுக்குக் காட்டுனீங்களா?"

"எத?"

"செத்தத. கொஞ்ச நேரம் பக்கத்துல விட்டா மோந்து பாத்துத் தெரிஞ்சுக்கும். திடீர்னு காணாமப் போனா தேடிக்கிட்டே இருக்கும். அது படுத்த சாக்கு, துணி எதாவது இருந்தா பக்கத்துல போடுங்க. வாசம் இருக்கும்ல."

திரும்பி வரும்போது அந்தச் சாக்கு நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொடியில் வெளுத்துப்போய்த் தொங்கியது. மோந்து பார்த்தேன். சோப்பு. பலகையில் பினாயில். பக்கத்து வீட்டுக்காரி பீடித்தட்டோடு வந்து நின்றாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"நான் நல்லதுக்குத்தான கழுவுனேன் அண்ணாச்சி."

"ஆமா. யாரு இல்லன்னா?"

அவள் பீடித்தட்டைக் கீழே வைத்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். என் வீட்டுக்காரி சீப்பு வைத்திருந்த மாடப்பிறையைப் பார்த்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. நான் என்ன என்றும் கேட்கவில்லை.

அம்மியில் புல்லை வைத்து அரைத்துக் கொடுத்தாள். நான் முயலை மடியில் வைத்துச் சிரிஞ்சால் ஊட்டினேன். பாதி வெளியே வழிந்தது. போன் அடித்தது, அவள் எடுத்துப் பேசினாள்.

"முயல யாருக்காவது குடுத்துட்டுத் திருப்பூருக்கு வந்துருங்கன்னு சொல்லுதான் உங்க மகன்."

"இந்த நெலமையில யாருட்டக் குடுக்க?"

"சாப்பிட்டீயளான்னும் கேக்கான். நான் என்ன சொல்லட்டும்? காலையில நான் வச்ச இட்லி மூடுனபடி இருக்கு."

"சாப்பிட்டேன்னு சொல்லு."

கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். முருங்கைக் கிளையில் என் துண்டு கிடந்தது. ஆணைச் சுற்றிக் கொண்டுபோன துண்டு. மண்ணும் வெள்ளை ரோமமுமாகக் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது. எடுத்து மோந்து பார்த்தேன். எனக்கு வியர்வையும் மண்ணும்தான் தெரிந்தது. உள்ளே கொண்டுவந்து மூலையில், முயலுக்கு முன்னால் போட்டேன்.

முதலில் அது அசையவில்லை. பிறகு மூக்கு ஆடியது. கழுத்தை நீட்டி ஒரு ஓரத்தை மோந்தது. துண்டின் மேல் ஏறி, முன்னங்காலால் கிளறியது, மடிப்புக்குள் மூக்கை நுழைத்தது. ரோமம் ஒட்டியிருந்த இடத்தை நக்க ஆரம்பித்தது. நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு அதன் மேலேயே தாடையைத் தரையோடு வைத்துப் படுத்துவிட்டது. சாகத்தான் படுக்கிறது என்று நினைத்தேன். நானும் பக்கத்தில் பாயை விரித்தேன். இடையிடையே எழுந்து ஊட்டினேன், வயிற்றை நீவினேன். அந்த வயிறு காற்றடைத்த பந்து மாதிரி இருந்தது. எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

விடிந்ததும் முதலில் தரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. துண்டைப் பார்த்தேன். மடிப்பில் கறுப்பாக ஏதோ இருந்தது. விரலால் எடுத்தேன். புழுக்கை. எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிது, கோணலாக, காய்ந்துபோய். பக்கத்திலேயே இன்னொன்று. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஒரு அருகம்புல்லை நீட்டினேன். வெகுநேரம் யோசித்துவிட்டு நுனியைக் கடித்தது. கடித்தது உள்ளே போகும்வரை கையை அப்படியே வைத்திருந்தேன்.

வெயில் ஏறினபோது பக்கத்து வீட்டுக்காரி தட்டில் இட்லியோடு வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, உள்ளங்கையில வச்சுப் பாக்கீய?"

காட்டினேன்.

"ஐய. புழுக்கயக் காட்டுததுக்கு ஒரு மொகரையப் பாரேன்." வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மதினி இருந்தால் இதற்குத் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பாள் என்றாள். அவள் கை சும்மா இருக்காது. குனிந்து, முயலுக்கு அடியில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்தாள். "இத இங்கன குடுங்க, ஒரே அழுக்கு. அலசிப் போட்டுட்டு வேற ஒண்ணு விரிக்கேன்."

துண்டை இழுத்தாள். அப்போது என் உள்ளங்காலில் ஒரு தட்டு வந்து விழுந்தது. இன்னொன்று. பெட்டை துண்டின் மேல் நின்று பின்னங்காலை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது.

"அத அங்கன போட்டுரு தாயி," என்றேன். "துவைக்க வேண்டாம்."

அவள் விட்டுவிட்டாள். நான் இட்லித் தட்டைத் தரையில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்னியில் உப்பு போதுமா என்று அவள் என் காதருகில் கத்தினாள். போதும் என்றேன்.