கோழிக்கறிக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை

ஒஸ்லோவில் மகளின் பக்கத்து வீட்டுக் குசினியில் நிற்கிறேன். வீட்டுக்காரி றூத் யூத மனிசி. இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு வேறு சட்டி. இரண்டும் ஒருநாளும் சேரக்கூடாது. எங்கள் வீட்டிலும் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. அதனால் எனக்கு அது புதினமில்லை. இண்டைக்கு விருந்து. கோழியையும் இறைச்சிச் சட்டியையும் என்னை நம்பித் தந்துவிட்டு, மேசை அடுக்கப் போனவ திரும்பி வந்து மூடியைத் திறக்கிறா. வெள்ளைக் குழம்பைக் கண்டு முகம் வெளிறிப்போகுது.

"அம்மா, கோழிக்குள்ளை பால் விட்டிட்டியளோ எண்டு கேக்கிறா. அப்பிடியெண்டால் சட்டியும் பழுதாம்," என்கிறாள் கூட வந்த மகள்.

துருவி மிஞ்சின தேங்காய்ப்பூவை ஒரு பிடி அள்ளி, றூத்தின் கண்முன்னே பிழிகிறேன். வெள்ளையாய் வடியுது.

"மாடில்லைப் பிள்ளை, மரம்," என்கிறேன், தமிழிலேயே.

மகள் சொல்லி முடிக்க முன்னமே றூத் சிரித்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிக்கிறா. பிறகு தேங்காய்ச் சிரட்டையைத் துடைத்துச் சட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறா.

"வாற ஆக்கள் பார்த்துப் பிழையா நினைக்கக் கூடாதாம். அதுவும் அவையின்ரை வழக்கமாம்," என்கிறாள் மகள்.

விருந்தாளிகள் வருகினம். சட்டியைப் பார்த்துத் திகைக்கினம், சிரட்டையைப் பார்த்துச் சிரிக்கினம், சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுகினம். நான் அள்ளி அள்ளிப் போடுகிறேன். சட்டி வழித்துத் துடைத்த மாதிரிக் காலி!