தொப்பூர் இறக்கத்தில் கறுப்பு வண்டி

அன்றைக்குத் தொப்பூர் இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது என் கணவரின் அண்ணன், என் மூத்தார். ஊரெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு திரிகிற கதை பொய். வண்டிக்குள் இருந்தவர்கள் மூன்று பேர்: அவர், நான், பின்சீட்டில் என் மகள். மகளைச் சின்னப் பிள்ளை என்று ஒதுக்கிவிட்டார்கள். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது அவர் வாய் மட்டும்தான். அதனால் எழுதுகிறேன்.

நான் பயந்தது உண்மை. இன்றைக்கும் பயப்படுகிறேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

எங்கள் வீடு நல்லம்பள்ளிக்குப் பக்கம். லாரிக் குடும்பம். பாலக்கோடு மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போகிற லாரிகள். எல்லாம் மூத்தார் பெயரில்தான் இருக்கின்றன. என் கணவருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். மாமனார் இறந்த பிறகு வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் எதிரில் என் கணவர் நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார மாட்டார்.

மகளைத் தொப்பூர் தாண்டி, சேலம் போகிற வழியில் ஒரு பள்ளியில் சேர்த்திருக்கிறோம். பள்ளி வேன் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். கார் வாங்குவது என்று முடிவானது. நான் தர்மபுரியில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசன்ஸ் எடுத்தேன். மாஸ்டர் திட்டத் திட்ட, எல்.ஐ.சி. ஏஜென்ட் ஒருவரின் ஸ்கூட்டரை ஒருமுறை உரசியும், எடுத்தேன். ஜப்பான் கம்பெனியின் சின்ன வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். சிவப்பு நிறம். ரேஸ் வண்டி மாதிரி பின்னால் ஒரு இறக்கை. அந்த இறக்கை எனக்குத் தேவையில்லை. ஆனால் அதில் உட்கார்ந்தால் கால் எட்டியது. நாலு மூலையும் கண்ணுக்குத் தெரிந்தது. மகளை நானே கொண்டுபோய் விடலாம் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூத்தாருக்கு அது பிடிக்கவில்லை. பழைய கார் புரோக்கரிடம் சொல்லி, ஐரோப்பா கம்பெனியின் பெரிய வண்டி ஒன்றை வரவழைத்தார். கறுப்பு. பழசு. யாரோ ஒரு பெங்களூர்க்காரர் ஓட்டித் தள்ளியது. ஆனால் பளபளவென்று வாசலில் வந்து நின்றபோது தெருவே எட்டிப் பார்த்தது. நான் கேட்ட சிவப்பு வண்டியையும் புரோக்கர் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

“இதான் வண்டி. லாரி ஆபீஸ் வாசல்ல நின்னா, வர்றவன் செருப்பக் கழட்டிட்டு உள்ள வருவான். அது என்னா, வெட்டுக்கிளி மாதிரி” என்றார் மூத்தார்.

“மாமா, பாப்பாவ இஸ்கூல்ல வுடறதுக்குத்தானுங்க வண்டி. ஆபீஸ் வாசல்ல நிறுத்தறதுக்கு இல்லீங்களே.”

“வுடப்போறது நானு. நீ என்னத்துக்கு ஓட்டற? தொப்பூர்ல லாரிக்காரனே தெணர்றான்.”

என் கணவர் இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிடித்த வண்டி எது என்று அவர் முகத்தில் தெரிந்தது, சிவப்புதான். ஆனால் அண்ணன் சொன்னதற்கு மாறாக அவர் வாய் திறக்காது.

மூத்தார்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போவார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் இறக்கத்தில் வண்டியை எந்த கியரிலும் இல்லாமல் நியூட்ரலில் விடுவது தப்பில்லை. அது கெட்டிக்காரத்தனம். கல்யாணமாகி வந்த புதிதில் இவர்கள் சாப்பிடும்போது பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கணவாய் உச்சியில் கியரை எடுத்துவிட்டால் அடிவாரம் வரை டீசல் செலவில்லையாம். அப்படி விடத் தெரியாத டிரைவருக்கு எங்கள் லாரியில் மரியாதை கிடையாது. இன்ஜின் பிடி இல்லாததால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனவர்கள் கதையும் அதே சாப்பாட்டு நேரத்தில் வரும். ஆனால் அந்தக் கதைகளில் செத்தவன் எப்போதும் ஓட்டத் தெரியாதவன். இவர்கள் எப்போதும் தெரிந்தவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். “ஏத்தி எறக்கிப் பாத்தாத்தான் வண்டியோட கொணம் தெரியும். தொப்பூருக்கே போலாம்” என்றார் மூத்தார். நான் சிவப்பு வண்டியின் கதவைத் திறந்தேன். “அதுல அப்பறம் ஏறலாம். மொதல்ல இதுல ஒக்காந்து பாரு. ஒக்காந்து பாத்துட்டு என்கூடப் பேசு” என்று கறுப்பு வண்டியைக் காட்டினார். மகள் ஏற்கெனவே அதன் பின்சீட்டில் ஏறி, குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தனியாக விட மனசில்லாமல் முன்சீட்டில் உட்கார்ந்தேன். என் கணவரும் புரோக்கரும் சிவப்பு வண்டியில் பின்னால் வந்தார்கள்.

கறுப்பு வண்டி வேகத்தைக் காட்டாது. முதல் பயம் எனக்கு அங்கேதான் வந்தது. பஸ்ஸில் போனால் வேகம் உடம்பில் தெரியும். கம்பி அதிரும், ஜன்னல் கத்தும். இதில் ஏ.சி. காற்றும் தோல் சீட்டும்தான். டோல்கேட் தாண்டிய பிறகு வெளியே பார்த்தேன். புளியமரங்கள் பின்னால் பறந்துகொண்டிருந்தன. உள்ளே மகள் மெதுவாகப் பாடுவது கேட்டது.

கணவாய் தொடங்குகிற இடத்தில் வரிசையாகப் போர்டுகள் வைத்திருக்கிறார்கள். புதிதாகப் படிக்கக் கற்ற எல்லாப் பிள்ளைகளையும் போல என் மகள் கண்ணில் படுவதையெல்லாம் உரக்கப் படிப்பாள்.

“வேகத்தைக் குறைக்கவும். வாகனத்தை நியூட்ரலில் இயக்காதீர். பெரியப்பா, நியூட்ரல்னா என்னா?”

“அது லாரிக்காரனுக்குப் போட்ட போர்டு பாப்பா.”

“நாமளும் லாரிக்காரங்கதானே பெரியப்பா?”

அவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது கையால் கியர் கம்பியை முன்னால் தள்ளினார். நான் பார்த்தேன். கியர்ப் பக்கத்தில் இருந்த எழுத்து ‘D’யிலிருந்து ‘N’ ஆக மாறியதையும் பார்த்தேன்.

“மாமா, கியர்ல போடுங்க.”

“ஆட்டோமேட்டிக்கு. கியரு அதுவா மாத்திக்கும். ஒனக்கு என்னா தெரியும்?”

“எழுத்து மாறிடுச்சுங்க மாமா.”

“டிரைவிங் ஸ்கூல்காரன் வந்துட்டான்டா” என்றார். மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

முதல் வளைவில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வளைவில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி அடங்கியது. மிதியை விட்டார். மறுபடி பாய்ந்தது. மறுபடி மிதித்தார். என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அந்தப் பக்கம் பிரேக் இல்லை என்று காலுக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு வாசனை வந்தது. முடி கருகுகிற மாதிரி. “அம்மா, நாத்தம்” என்றாள் மகள். மூத்தார் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் என்னை உலுக்கியது. பேசாமல் இருக்கிற மனிதர் அவர் இல்லை. அவர் கால் அடி வரை போய் அழுத்திக்கொண்டிருந்தது, வண்டி கேட்கவில்லை. இன்னொரு லாரியின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் தார்ப்பாயின் முடிச்சுகள்கூடத் தெரிந்தன.

நான் கத்தவில்லை. கத்தினேன் என்று அவர் சொல்கிறார். மகளின் பக்கம் திரும்பவும் இல்லை. திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். என் வலது கைக்குப் பக்கத்தில் கியர் கம்பி இருந்தது. அதைப் பின்னால் இழுத்தேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. இன்ஜின் சத்தம் ஏறியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி வேகம் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் அவருக்கு ஸ்டியரிங்கைத் திருப்ப இடம் கிடைத்தது. ரோட்டு வேலைக்காக இடது ஓரம் கொட்டியிருந்த மண்குவியலில் ஏற்றினார். வண்டி மண்ணுக்குள் மூக்கை விட்டு நின்றது. மண்ணில் ஏற்றியது அவர்தான். அதை நான் மறுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன். அவரும் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கதவைத் திறந்து இறங்கினேன். மகள் சீட் பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் “அம்மா அம்மா” என்று உள்ளேயே அழுதாள். பின்கதவைத் திறந்து கழற்றிவிட்டேன். சக்கரங்களிலிருந்து புகை வந்தது. மூத்தார் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனார்.

பின்னால் வந்து நின்ற சிவப்பு வண்டியிலிருந்து புரோக்கர் ஓடிவந்தார். “ஐயையோ, ஊத்தாதீங்க சார், பிரேக் டிஸ்க்கு வளைஞ்சிரும்! எந்த கியர்ல சார் எறக்குனீங்க?”

மூத்தார் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் பயம் இருந்தது. என் பயத்தைவிடப் பெரிய பயம். பிறகு அது மறைந்தது.

“இவ பயந்துகிட்டு ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு இழுத்துட்டாப்பா” என்றார்.

அன்றிலிருந்து இதுதான் கதை. லாரி ஆபீஸில் இதே கதை. டீக்கடையில் இதே கதை. மருந்துக்கடையில் நிற்கும்போது ஒரு பையன் கேட்டான், “என்னாக்கா, தொப்பூர்ல ஹேண்ட் பிரேக் புடிச்சீங்களாமே? நம்ம வண்டியில ஏறுனா கைய மடியில வெச்சுக்கணும், ஆமா!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தக் கறுப்பு வண்டியில் இழுக்கிற ஹேண்ட் பிரேக்கே கிடையாது. ஒரு பொத்தான்தான் இருக்கிறது. இவர்கள் ஓட்டிய வண்டிகளிலெல்லாம் கம்பி இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் கணவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

“எங்க இருக்குது ஹேண்ட் பிரேக் கம்பி? காட்டுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். “பட்டனத் தட்டியிருப்ப” என்றார்.

“ஏங்க, நீங்க பின்னாலதான வந்தீங்க. என்ன பாத்தீங்க?”

“கடைசியில பிரேக் லைட்டு அணையவே இல்ல, மிதிச்சுக்கிட்டே இருந்தாரு.”

“அப்பறம்?”

“அண்ணன் அப்பிடிப் பண்ணமாட்டாரு” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டே, “அந்த லைசன்ஸ பீரோவுல வெச்சிரு, கொஞ்ச நாளைக்கு வேணாம்” என்றார்.

கறுப்பு வண்டியே முடிவாகிவிட்டது. பிரேக்கை மாற்றித் தருவதாகப் புரோக்கர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரேக்கை மாற்றலாம். மிதிக்கிற காலையும் தள்ளுகிற கையையும் யார் மாற்றுவது? பள்ளி லீவு முடிந்ததும் தினமும் காலையில் என் மகளை அந்தப் பின்சீட்டில் உட்கார வைத்து, அதே இறக்கத்தில் மூத்தார் இறக்கப்போகிறார். அவர் செய்தது தப்பு என்று அவருக்கே இன்னும் படவில்லை. தப்பு என்னுடையது என்றாகிவிட்டதே. அப்படியென்றால் மறுபடியும் தள்ளுவார். அன்றிலிருந்து மகள் பாத்ரூமில் ரொம்ப நேரம் இருக்கிறாள். வெளியே வந்து, “பெரியப்பாதான் கூட்டிட்டுப் போவாராம்மா?” என்று கேட்கிறாள். அவளை உட்கார வைத்துத் தலை வாருகிறேன்.

மாமா, வீட்டுக்குள் உங்களிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். ஒருமுறை டி.வி. சத்தத்தைக் கூட்டினீர்கள். ஒருமுறை எழுந்து போனீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை முனியப்பன் கோயிலில் வண்டிக்குப் பூசை போடுகிறீர்கள். கிடா வெட்டு. லாரி ஆபீஸ் ஆட்கள், டிரைவர்கள், புரோக்கர், உங்கள் தம்பி, தெரு முழுக்க வரும். நானும் மகளைக் கூட்டிக்கொண்டு வருவேன். அத்தனை பேர் முன்னாலும் நின்று கேட்பேன். வண்டி எந்த கியரில் இருந்தது? ஹேண்ட் பிரேக் கம்பியே இல்லாத வண்டியில் எந்த ஹேண்ட் பிரேக்கை நான் பிடித்து இழுத்தேன்? இவளை உட்கார வைத்துக்கொண்டு இனி இறக்கத்தில் கியரை எடுக்க மாட்டேன் என்று உங்களால் சொல்ல முடியுமா, முடியாதா? முடியாதென்றால் சாவியை என்னிடம் கொடுக்கிறீர்களா? தலையை ஆட்ட வேண்டாம், சிரிக்க வேண்டாம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள்.