வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை

நிரஞ்சனாவை முதன்முதலில் பார்த்த அன்று நான் விளக்குமாற்றைத் தூக்காத குறைதான். சிங்கப்பூர் தேக்காவில் என் வளையல் கடை வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரி அட்டை கழுத்தில் தொங்கியது. டாக்டர் இல்லையாம், நர்ஸும் இல்லையாம். பிரசவப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் அலசி, வயிற்றிலேயே இறந்துபோன பிள்ளைகளில் யாரையெல்லாம் காப்பாற்றியிருக்கலாம் என்று தேடுவதுதான் அவள் உத்தியோகம்.

“பேபி அசைவு குறைஞ்சா உடனே வரணும்க்கா. நம்ம பொண்ணுங்க சில பேரு லேட்டா, திங்கக்கிழமை வர்றாங்க. ஏன் திங்கக்கிழமைன்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் புரியல. எனக்குப் புரிஞ்சிடுச்சு. சண்டே வளைகாப்பு லா!”

விசேஷம் முடியட்டும் என்று காத்திருக்கிறார்களாம். என் வளையல் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு வைக்கச் சொன்னாள்: ‘குழந்தை அசைவு குறைந்தால் காத்திருக்காதீர்கள். உடனே வாருங்கள்.’

“நல்ல காரியத்துக்கு வர்றவங்ககிட்ட இந்தப் பேச்சா? வாயக் கழுவும்மா!” என்று கத்தினேன்.

அவள் அசரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறி வருவாள், திட்டு வாங்குவாள், சிரித்துக்கொண்டே போவாள், மறுபடியும் வருவாள். தொல்லை விட்டால் போதும் என்று சீட்டுகளைப் பெட்டிகளில் போட ஆரம்பித்தேன்.

பிறகு என் மகள் ரோஷினிக்கே ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டில். கூடம் கொள்ளாத கூட்டம். சந்தனம் பூசியாயிற்று. நான் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் என் காதோரம் சொன்னாள்:

“அம்மா, காலையிலேர்ந்து பேபி மூவ் பண்ணவே இல்லம்மா. எல்லாரும் போனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

அடிப்பாவி மகளே! பெட்டிக்குள் அந்தச் சீட்டு கிடந்தது. என் மகளை நிரஞ்சனா பார்த்ததே இல்லை. பெயர்கூட இல்லாத யார் யாருடைய பதிவுகளையோ பார்த்து, என் வீட்டுக் கூடத்தில் இன்றைக்கு நடக்கப்போவதை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். விருந்தினரை அப்படியே விட்டுவிட்டு டாக்சியில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் துடிப்பு கேட்டது, ஆனால் சோர்ந்துபோய். உடனே ஆபரேஷன் என்றார்கள். வளையல்களைக் கழற்ற வேண்டுமாம். பிரசவம்வரை கழற்றவே கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். சோப்பு நுரை போட்டு நானே உருவினேன். அவசரத்தில் சில உடைந்தன. உடையட்டும், போகட்டும்! என் பிள்ளையின் பிள்ளை பிழைத்தால் போதும்.

பேத்தி அழுதாள். அப்பாடா, என்ன குரல் அது!

அடுத்த முறை நிரஞ்சனா புதுச் சீட்டுக் கட்டோடு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“கைய நீட்டு” என்றேன்.

உடையாமல் மிஞ்சிய வளையல்களை அவளுக்குப் போட்டுவிட்டேன்.

“எதுக்குக்கா எனக்கு?”

“பிரசவம் பார்த்தவளுக்குத்தான் இதக் குடுக்கறது எங்க வழக்கம்.”