விடுபட்ட ஒரு கோடு

இலங்கையில் யுத்தம் முடிந்து ஆறேழு வருடங்கள் இருக்கும். வெளிநாட்டில் வானியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நான், விடுமுறைக்குக் கற்பிட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பேயாட்டம் ஆடிய வாரம் அது. வியாழக்கிழமை மின்கம்பங்கள் சரிந்து ஊரெல்லாம் கரண்ட் போய்விட்டது.

தொலைபேசியில் மிச்சமிருந்த சார்ஜில் ஒரு மின்னஞ்சலைத் திறந்தேன். எங்கள் குழு கவனித்து வந்த விண்மீன் திரளொன்றில் ஒரு நட்சத்திரம் வெடித்திருந்தது. வெடித்த விதமும் வழக்கமானதாக இல்லை. விண்வெளித் தொலைநோக்கியால் உடனே பார்த்தாக வேண்டும்; நாளுக்கு நாள் அது மங்கிக்கொண்டே போகும். அந்தத் தொலைநோக்கியின் நேரத்தை முன்கூட்டியே பங்கிட்டு விடுவார்கள். எதிர்பாராமல் வருபவற்றுக்கென்று இயக்குநர் அதில் கொஞ்சத்தைத் தன் கையில் ஒதுக்கி வைத்திருப்பார். அவருக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். என் பேராசிரியர் சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். 'நீயே எழுது, வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் போகாவிட்டால் அடுத்த வார அட்டவணையில் இடம் கிடைக்காது' என்று எழுதியிருந்தார்.

வெள்ளி காலை, மின்னஞ்சலில் இருந்த இலக்கங்களைக் குறித்த கொப்பியோடு பஸ் ஏறினேன். புத்தளம் டவுனிலும் கரண்ட் இல்லை, மதுரங்குளியில் இருக்கிறது என்று கொண்டக்டர் சொன்னார். பாலாவியில் இறங்கி வேறு பஸ் பிடித்து மதுரங்குளிக்குப் போனேன். சந்திக்கு அருகே, கணினியும் இணையமும் பிரதியெடுக்கும் இயந்திரமும் உள்ள ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடை திறந்திருந்தது. அதை நடத்தியவர் என்னைவிடச் சில வயது மூத்த பெண். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து குழந்தையாக இடம்பெயர்ந்து வந்தவராம். காணி விண்ணப்பம், தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்கான கடிதம் என்று ஊராருக்கு எழுதித் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் அவர் தொழில்.

நான் பாதி எழுதி முடிப்பதற்குள் ஜும்ஆ தொழுகை நேரம் நெருங்கிவிட்டது. சுற்றிலும் கடைகளைப் பூட்டத் தொடங்கினார்கள். எழுந்திருக்கப் போன என்னை அவர் இருக்கச் சொன்னார். கதவைப் பாதி சாத்திவிட்டு, என்ன அவசரம் என்று கேட்டார். நட்சத்திரம் வெடித்த கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியதைத் தமிழில் சொல்லும்படி கேட்டார். நானும் சொல்லிக்கொண்டே போனேன்.

"ஏன் இப்பவே வேணும் எண்டது எங்க இருக்கு, தங்கச்சி?" என்றார்.

மூன்றாம் பந்தியில் இருந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஆராய்ச்சியின் பெருமையைத்தான் அளந்திருந்தேன்.

"அத முதல்ல போடுங்க. தன்ட விருப்பத்துல குடுக்கிற ஆளுக்கு, நாளைக்குக் குடுத்தா பிரயோசனமில்ல எண்டது முதல் வரியிலயே விளங்கோணும்."

மாற்றினேன். அதை மூன்று தடவை வாசித்துவிட்டு அனுப்பப் போனபோது அவர் தடுத்தார். ஒரு பிரதி எடுத்து, கோடு போடும் அடிமட்டத்தை வரிக்கு வரி வைத்து, இலக்கங்களை மட்டும் என் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கொப்பியில இந்த இலக்கத்துக்கு முன்னால ஒரு சின்னக் கோடு இருக்கு. இதுல இல்ல. அது முக்கியமா?"

கொப்பியை இழுத்துப் பார்த்தேன். நட்சத்திரம் வானில் எங்கே என்று சொல்லும் இலக்கத்தின் கழித்தல் குறி அது. அது இருந்தால் நட்சத்திரம் தென்வானில், இல்லாவிட்டால் வடவானில். கேட்ட நேரம் கிடைத்திருந்தாலும், தொலைநோக்கியை ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

"எங்கட வாப்பாட காணிக் கடிதத்துல நான்தான் ஒரு இலக்கத்தப் பிழையா அடிச்சன்," என்றார் அவர். "மனுசன் வருசக்கணக்கா கந்தோருக்கு அலைஞ்சார். அதுக்குப் பொறகு ஆர்ட கடிதமெண்டாலும் இப்பிடிப் பாக்காம விடமாட்டன்."

கோட்டைப் போட்டு அனுப்பினேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. நேரம் தந்திருந்தார்கள். அந்த வாரமே தொலைநோக்கி அந்த நட்சத்திரத்தைப் பார்த்தது. நாட்டைவிட்டுப் புறப்படுமுன் படத்தை அவர் கடையிலேயே அச்சடித்துக் காட்டினேன். கறுப்பில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுரையில் நன்றி சொல்ல அவர் பெயரைக் கேட்டேன்.

"பேரெல்லாம் வேணாம். மதுரங்குளியில கடிதம் எழுதுற பொம்புள எண்டு போடுங்க, அவ்வளவு காணும்."

அப்படியே போட்டோம்.

அதன் பிறகு எத்தனையோ விண்ணப்பங்கள் எழுதிவிட்டேன். எதையும் இன்னொருவரிடம் வாசிக்கக் கொடுக்காமல் அனுப்பியதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியின் காரியத்தைத் தன் வாப்பாவின் காரியம்போல் எண்ணிப் பார்த்த அந்த ராத்தாவுக்காக, அந்த மூத்த சகோதரிக்காக, ஒவ்வொரு முறையும் மனதுக்குள் இறைவனிடம் ஒரு துஆ கேட்டுக்கொள்கிறேன்.