ஆறாம் நாள் தலைக்கணக்கு

என் தம்பி தேவசியாவின் மகன் ஜிஸ்மோன் வாத்தியாரானது குடும்ப உரிமையில். கோயிலுக்குக் கீழே கிடந்த நிலத்தைப் பள்ளிக்கூடத்துக்கென்று எழுதிக் கொடுத்தவர் எங்கள் அப்பனின் அப்பன் குஞ்ஞாகோ. தலைமுறைக்கு ஒருவருக்கு அங்கே வேலை என்று அன்று கோயிலில் பாதிரியாராக இருந்த அச்சன் வாக்குக் கொடுத்தார். முதலில் பெரியப்பன் மகள் மரியம் போனாள். அவளுக்குப் பின் அவள் தங்கையின் மருமகள் ரோசா. ரோசா டீச்சர் ஓய்வு பெற்றபோது பிலாத்தொட்டியில் என்கிற எங்கள் குடும்பத்தின் எல்லாக் கிளையும் கையை நீட்டியது. மூத்த கிளையில் படித்ததெல்லாம் நர்ஸாகி அயர்லாந்துக்குப் போய்விட்டது. அடுத்த கிளையில் படித்தவரே இல்லை. மரியமும் ரோசாவும் மூன்றாம் கிளை, அவர்கள் முறை முடிந்தது. மிச்சம் நாங்கள். இதையெல்லாம் பங்குத்தந்தை குன்னேலச்சன் முன்னால் பேர் பேராகச் சொல்லி ஜிஸ்மோனை நிறுத்தியது நான்தான். பள்ளிக்கூடத்துக்கு மேனேஜரும் அவரே. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் நடத்துவது கோயில், சம்பளம் தருவது சர்க்கார்.

ஜிஸ்மோன் என்னை அம்மாயி என்று கூப்பிடுவான். அப்பாவின் அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவனுக்கு ஒன்றாம் வகுப்பில் இரண்டாம் பிரிவைக் கொடுத்தார்கள். ஜூன் மாத மழையில் புதுக்குடையும் புதுப்பையுமாக வந்து இறங்குகிற பிள்ளைகள் கொஞ்ச நாளைக்கு அழுதுகொண்டே இருக்கும். இவன் ஒரு பிள்ளையையும் அழாதே என்று சொன்னதில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உங்கள் வீட்டு நாய் எப்படிக் குரைக்கும், எனக்குச் சொல்லிக் கொடு என்பான். ஒன்று குரைத்தால் இன்னொன்று என் வீட்டு நாய் அப்படியில்லை என்று திருத்தும். கடைசியில் வகுப்பே குரைக்கும். தலைமையாசிரியை சிஸ்டர் ரோஸ்லின் ஓடி வந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிப் போவார். இதை அவரே என்னிடம் சொன்னார்.

அவன் விஷயம் வீட்டில் முன்பே தெரியும். வாத்தியார் படிப்புக்குப் போயிருந்தபோதே அப்பனையும் அம்மையையும் எதிரில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டான், தனக்குப் பெண் வேண்டாம், விருப்பம் ஆண்கள் மேல்தான் என்று. தேவசியா ரொம்ப நாள் பேசவில்லை. அம்மை ஏலிக்குட்டி மெழுகுதிரி ஏற்றி ஏற்றி ஓய்ந்தாள். அப்புறம் பழகிப்போனது. ஷினோஜ் என்ற பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் வருவான். ஏலிக்குட்டி மீன் வறுத்துப் போடுவாள், தேவசியா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்வான். கூட்டுக்காரன், சிநேகிதன் என்று ஊரும் அதோடு விட்டுவிட்டது.

விடாதவன் கல்யாணத் தரகன் ஔதக்குட்டி. சர்க்கார் சம்பளம் வாங்குகிற வாத்தியார் கல்யாணமாகாமல் இருப்பது அவனுக்குத் தூக்கம் கெடுகிற காரியம். ஓணம் கழிந்ததும் குடையை மடக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். நானும் அங்கேதான் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

“பெண்ணு ஸ்காட்லாந்துல நர்ஸ், சாரே. ஒரே மகள். ரப்பர் முழுக்க அவளுக்குத்தான்.”

“எனக்குப் பெண்ணு வேண்டாம் ஔதச்சேட்டா.”

“இப்ப வேண்டாம்னா ஈஸ்டர் கழிஞ்சு பாப்போம்.”

“ஈஸ்டர் கழிஞ்சும் வேண்டாம். எனக்கு ஆம்பளைங்க மேலதான் விருப்பம். ஷினோஜை நீங்க பாத்திருக்கீங்களே. அவன்தான்.”

ஔதக்குட்டி தேநீரை ஒரு மிடறு குடித்தான். “அந்தப் பையனுக்கு என்ன வேலை?” என்றான்.

“ஆஸ்பத்திரியில ரத்தம் சோதிக்கிற வேலை.”

“வீடு எங்க?”

“சங்கனாச்சேரி.”

“சொந்த வீடா?” என்று கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. மிச்சத் தேநீரை வைத்துவிட்டு எழுந்தான். அன்று சிரித்தோம். ஏலிக்குட்டிகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவதற்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. குழந்தையைக் கொண்டுவிட வருகிற தாய்மார் சன்னல் பக்கம் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்கள், அவ்வளவுதான். முன்பெல்லாம் பிள்ளைகளைத் தூக்கி அவன் கையில் கொடுத்தவர்கள் வாசலில் இறக்கிவிட்டார்கள். ஒருவேளை பேச்சு வளராமலே அடங்கிவிடுமோ என்று நான் நினைத்தேன்.

குன்னேலச்சன் அவனைக் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் போனேன். அச்சன் கெட்ட மனிதர் இல்லை. அவனை உட்காரச் சொல்லி, தானே பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார்.

“சட்டப்படி உன்னை நான் ஒண்ணும் செய்ய முடியாது மோனே. முடிஞ்சாலும் செய்ய மாட்டேன். நல்லாத்தான் படிப்பிக்கிற. ஆனா ஆறாம் நாள் தலைக்கணக்கு என் கையில இல்ல.”

அதுதான் விஷயம். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சர்க்கார் தலை எண்ணும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் இரண்டாம் பிரிவு விழும். பிரிவு விழுந்தால் கடைசியாகச் சேர்ந்த ஆள் வெளியே. யாரும் யாரையும் பிடித்துத் தள்ள வேண்டாம், பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டால் போதும்.

அதனால் கோடை லீவில் வாத்தியார்கள் எல்லோரும் வீடு வீடாகப் பிள்ளை கேட்டுப் போவது இங்கே வழக்கம். ஜிஸ்மோனும் போனான். ஒரு வீட்டையும் விடவில்லை. வேகாத வெயிலில் குன்று ஏறி இறங்கினான். ஒரு வீட்டிலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. உட்காரச் சொன்னார்கள், பலாச்சுளை கொடுத்தார்கள், பாப்போம் சாரே என்றார்கள். சில வீட்டில் பிள்ளையைக் காணவில்லை, அம்மை வீட்டுக்குப் போயிருக்கிறது என்றார்கள். உள்ளே அந்தப் பிள்ளை பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அவனும் கேட்காத மாதிரி தேநீரைக் குடித்துவிட்டு வருவான்.

மே மாத நடுவில் பெற்றோர் சார்பாகச் சாபு என்பவன் தம்பி வீட்டுக்கு வந்தான். ஞாயிறு வேதபாடத்துக்கு அவன்தான் தலைவன். அவன் கடைசி மகன் அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. கையில் பழம் வாங்கி வந்திருந்தான்.

“கல்யாணம்கூட வேண்டாம் சாரே. ஒரு மனசம்மதம், பேருக்கு ஒரு நிச்சயம் நடத்தி, கோயில்ல மூணு ஞாயிறு ரெண்டு பேரோட பேரையும் விளிச்சுச் சொல்லட்டும். தலைக்கணக்கு கழிஞ்சதும் பெண்ணு வீட்டோட ஏதோ பிணக்குன்னு விட்டுடலாம். பேர் விளிச்சாப் போதும், பிள்ளைங்களை நாங்களே கொண்டாந்து விட்டுடறோம்.”

பெண்கூட ஔதக்குட்டி பார்த்து வைத்திருந்தான். மலைப்பக்கம் ஒரு பங்கில், அப்பன் இல்லாத வீட்டில். ஜிஸ்மோன் விவரம் அந்த வீட்டுக்குத் தெரியாது.

சாபு போன பிறகு தேவசியா மகனிடம் பேசினான். என் தம்பி அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

“கோயில்ல பேரை விளிச்சா உனக்கு என்னடா தேஞ்சு போகும்?”

“எனக்கு ஒண்ணும் தேயாது அப்பச்சா. விளிச்ச பேரு முறிஞ்சா அந்தப் பெண்ணை அப்புறம் யாரு கேப்பா?”

“அவளை நாம பாத்ததுகூட இல்ல. இங்க நம்ம வேலை போகுதுடா.”

“பாக்காதவளைத்தானே இப்படிச் செய்ய முடியும்.”

“அப்ப சம்மதிக்க மாட்ட.”

“மாட்டேன் அப்பச்சா.”

தேவசியா தலைத்துண்டை எடுத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் போய்விட்டான். அதற்குப் பிறகு மகன் உட்கார்ந்த மேசையில் அவன் சாப்பிட உட்காரவில்லை.

ஜூன் பிறந்தது. பள்ளி வாசலில் குருத்தோலைத் தோரணம் கட்டி, வருகிற பிள்ளைகளுக்குப் பலூனும் மிட்டாயும் கொடுத்தார்கள். பாதிப் பலூன் மிச்சமானது. டவுனிலிருந்து வருகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் முன்பு கவலையில் நிற்காமலே போகும். எங்கள் நாற்சந்திக்குக் கவலை என்று பேர். இப்போது அங்கே நின்று ஆள் ஏற்றியது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். கூலிவேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், அஸ்ஸாமிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களின் பிள்ளைகள். ஐந்தாம் நாள் சாயங்காலம் சிஸ்டர் ரோஸ்லின் எண்ணிப் பார்த்தார். ஒரு பிள்ளை குறைந்தது.

அந்த ஒரு பிள்ளை எங்கள் குடும்பத்திலேயே இருந்தது. ஜிஸ்மோனின் அக்கா ஜின்ஸியின் மகள் அன்னா. அவளுக்கு அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், நடக்கிற தூரம்தான். ஜிஸ்மோன் ஊரில் எல்லா வீட்டுக்கும் போனவன், அந்த ஒரு வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை. அவளாகவே அனுப்புவாள் என்று இருந்தான்.

அன்று இருட்டுவதற்குள் நான் போனேன். ஜின்ஸி கொல்லையில் கோழியை அடைத்துக்கொண்டிருந்தாள்.

“அன்னாவை நாளைக்கு அனுப்புடி. ஒரு தலைதான் குறையுது” என்றேன்.

அவள் கூட்டின் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றாள்.

“பிஜோய்கிட்ட நான் பேசறேன்” என்றேன். பிஜோய் அவள் கணவன்.

“பிஜோய் ஒண்ணும் சொல்லல அம்மாயி. வேண்டாங்கறது நான்தான்.”

“அவன் உன் இடுப்புல வளந்தவன்டி.”

“அதான் எனக்கும் தெரியுமே. அவன் கையில என் பிள்ளைக்கு ஒரு தூசி படாது. அவனை மாதிரி ஒரு சார் கெடைக்க மாட்டான். ஆனா ஊரே அனுப்பாத எடத்துக்கு நான் மட்டும் அனுப்பினா, அந்தக் குடும்பமே அப்படின்னு ஆயிடும். நாளைக்கு இவளுக்கு ஒரு கல்யாண ஆலோசனை வந்தா, மொதல்ல தாய்மாமனைப் பத்தித்தான் கேப்பாங்க.”

“அவளுக்கு இன்னும் பல்லுகூட விழலயேடி.”

“நீங்களா இதைச் சொல்றீங்க? குஞ்ஞாகோ அப்பாப்பன் காலத்துலேர்ந்து எந்த வீட்டுல எவன் குடிச்சான், எவ ஓடிப்போனான்னு சொல்ற ஆளு நீங்க. யாராச்சும் எதையாச்சும் மறந்திருக்காங்களா அம்மாயி?”

அவள் அழவில்லை. இருட்டுகிறது, பாலத்தில் பார்த்துப் போங்கள் என்று டார்ச் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கவலையில் நின்றேன். அன்னா கழுத்தில் டை கட்டி, மஞ்சள் பஸ்ஸுக்காக அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பிஜோய் அவளை ஏற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் ஸ்கூட்டரைத் திருப்பினான்.

நான் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சிஸ்டர் ரோஸ்லின் மழையில் குடை பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். தாமதமாக ஒரு பிள்ளை வராதா என்று மத்தியானம் வரை நின்றார். கணக்கை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய நேரம் வந்ததும் இரண்டாம் பிரிவின் கதவருகே போனார். நானும் பின்னாலேயே போனேன். ஜிஸ்மோன் கரும்பலகையில் பாதி எழுதியிருந்த எழுத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினான். சிஸ்டரின் முகத்தைப் பார்த்தான், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். பிறகு பிள்ளைகளிடம், எல்லாரும் இதே எழுத்தைச் சிலேட்டில் எழுதுங்கள் என்றான்.

உத்தரவு வர ஜூலை பாதியாகிவிட்டது. போகப்போவது தெரிந்தே அதுவரைக்கும் அவன் ஒரு நாள்கூட லீவு போடாமல் படிப்பித்தான். பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை. கடைசி நாளன்று பெஞ்சுகளை முதல் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்ததும் அவன்தான்.

அடுத்த வருஷம் இரண்டாம் பிரிவு திரும்ப வந்தது. மஞ்சள் பஸ்ஸின் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சாபு தன் மகனைக் கொண்டுவந்து சேர்த்தான். மற்றவர்களும் வந்தார்கள், ஒன்றாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகளும் நிறையச் சேர்ந்தார்கள். ஜின்ஸியும் அன்னாவை இரண்டாம் வகுப்பில் சேர்த்தாள். வேலை மூன்றாம் கிளையின் மருமகள் ஒருத்திக்குப் போனது. அச்சன் யாரையும் கேட்கவில்லை, யாரும் பேர் சொல்லி நிறுத்தவும் வேண்டியிருக்கவில்லை.

ஜிஸ்மோன் வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பார்த்தான். முதல் வேலையை ஏன் விட்டாய் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். ஒரு இடத்திலாவது உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லேன் என்றேன். சரி அம்மாயி என்றான். போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தான். ஷினோஜ் கொஞ்ச நாள் கூட இருந்தான், அப்புறம் கத்தாருக்குப் போனான். முதலில் தினமும் போன் வந்தது. இப்போது வருவதில்லை.

ஜிஸ்மோன் பெரும்பாவூரில் ஒரு பிளைவுட் கம்பெனியில் பலகைக் கணக்குப் பார்க்கிறான். ஒரு அறை எடுத்து இருக்கிறான். தேவசியா அங்கே போனதில்லை. ஏலிக்குட்டி மீன் வறுத்து என் கையில் கொடுத்தனுப்புவாள், நான் பஸ்ஸில் கொண்டுபோவேன். முதலாளி நல்லவன் என்பான், வேலை கஷ்டமில்லை என்பான். அங்கே அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லையாம். ஆனால் பள்ளி திறக்கிற நாளில் மட்டும் அவன் வேலைக்குப் போவதில்லை. வருஷா வருஷம் அப்படித்தான்.

போன ஜூனில் அந்த நாள் என்று தெரியாமல் அவன் அறைக்குப் போய்விட்டேன். காலையிலிருந்து மழை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான். தெருவில் பிள்ளைகள் குடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை போகமாட்டேன் என்று அழுதது. அதன் அம்மை அதட்டிக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அந்த ஜன்னலைச் சாத்துங்க அம்மாயி” என்றான்.

சாத்தினேன். மீனைச் சூடு பண்ணி மூடி வைத்தேன். மூன்று மணி பஸ்ஸுக்கு நான் கிளம்புகிற வரையில் அவன் எழுந்திருக்கவில்லை.