எடப்பாடி மாலை வகுப்பும் வார இதழ் மருத்துவரும்

எழுத்தறிவிக்கும் தொழிலில், பிழையாகப் படிப்பவரைத் திருத்திவிடலாம். பிழையின்றிப் படித்ததை அப்படியே நம்புகிறவரைத் திருத்துவது எளிதன்று.

முதலில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், எடப்பாடியில் நெசவாளப் பெண்களுக்கு மாலையில் முதியோர் கல்வி வகுப்பு நடத்தினேன். பாடத்தைப் படிக்கச் சொல்லி வினாக் கேட்பேன். விடை பாடத்தில் உள்ளபடியே அமைய வேண்டும். ஆசிரியர்களான உங்களுள் பலரும் அப்படித்தான் நடத்தியிருப்பீர்கள்.

பஞ்சம் இல்லை

"தறி ஓடும் வீட்டில் பஞ்சம் இல்லை" என்பது பாடம். "தறி ஓடும் வீட்டில் எது இல்லை?" என்று ராசம்மாவைக் கேட்டேன். கைத்தறி நெய்பவர், வகுப்பிலேயே கெட்டிக்காரி.

"எங்கூட்ல தறியும் ஓடுது, பஞ்சமும் இருக்குதுங்களே!" என்றார். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பாடத்தில் உள்ளபடி சொல்லுமாறு பணித்தேன்.

"சரிங்க டீச்சர், அச்சுல போட்டிருந்தா பஞ்சம் இல்லைன்னே வெச்சுக்கறேன்."

அன்புச் சகோதரி

சில மாதங்களில் ராசம்மா வார இதழ் படிக்கத் தொடங்கினார். அதில் ஒரு 'மருத்துவ மேதை' வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். பக்கத்தின் அடியில் அவருடைய லேகிய விளம்பரம் இருக்கும். நடை தெளிவாக இருந்ததால் அப்பக்கத்தை வகுப்பிலும் படிக்கவைத்தேன். பிழையற்ற தமிழ் என்று மெச்சவும் செய்தேன். அந்த மேதையை ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று ராசம்மாவைக் கேட்டேன்.

"ஆசுபத்திரி டாக்டரு தலையக்கூட நிமித்தறதில்லீங்க, இவரு 'அன்புச் சகோதரி'ன்னு எழுதறாருங்க, அதுக்கும் மேல நீங்களே மெச்சறீங்க."

நிறுத்திய மாத்திரை

ராசம்மாவின் கணவருக்குக் காசநோய். அரசு மருத்துவமனை மாத்திரையால் இருமல் அடங்கியிருந்தது. "இருமல் நின்றபின் மாத்திரை உண்டால் இரத்தம் சுண்டும், லேகியமே போதும்" என்று இதழில் வந்தது. ராசம்மா அதைக் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த மாதமே கணவர் இரத்தமாக இருமினார்.

செய்தி அறிந்து வீட்டுக்குச் சென்றேன். அவரைப் பாயில் கண்டதும் பதற்றத்தில், "எவனோ எழுதினால் நம்பிவிடுவதா? இது மெய்தானா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டாமா?" என்று ராசம்மாவைக் கடிந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை, கணவரின் நெஞ்சைத் தடவியபடியே சொன்னார்.

"கேள்வி கேக்கறது நீங்க, பதில் சொல்றது நாங்கன்னு தானுங்களே டீச்சர் பழக்குனீங்க?"

பின்னர் உறுதியானவை

கணவருக்கு மருந்து முதலிலிருந்து தொடங்கப்பட்டது. உயிர் தங்கியது, தறி மிதிக்கும் வலு திரும்பவில்லை. உட்கார்ந்தபடி இராட்டையில் நூல் சுற்றினார். ராசம்மா ஒருவரே நெய்தார். இதழில் எழுதியவர் மருத்துவர் அல்லர். லேகியம் விற்றவரின் மைத்துனர். லேகியம் என்பது வெல்லமும் சுக்கும்தான். அவ்வாண்டு பார்வையிட வந்த அதிகாரி, அனைவரும் தடையின்றிப் படிக்கும் வகுப்பு என்று என்னைப் பாராட்டிச் சென்றார்.

ஆக, சக ஆசிரியர்களே, ஏமாறுவதற்கு எவ்வளவு எழுத்தறிவு வேண்டுமோ அதை மட்டும் நான் குறைவின்றிக் கற்பித்திருக்கிறேன்.